ஈரமில்லை என்று சொன்ன மகனுக்கு

தம்பி,

ஓட்டோவில் ஏறினால் உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரம்தான். வந்து நேரில் கதைக்காமல் அம்மா என்ன கடிதம் எழுதுகிறா என்று நீ நினைப்பாய். நான் வாயால் எதைக் கேட்டாலும் அது விசாரணை மாதிரி வந்துவிடுகிறது, அதுதான் காரணம். சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட, இவ எதையோ பிடிக்கப் பார்க்கிறா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நீ பதில் சொல்கிறாய். அப்படி யோசிப்பது பிழை என்றும் சொல்லமாட்டேன். பாதி நேரம் நான் எதையோ பிடிக்கத்தான் பார்க்கிறேன். எழுதினால் என் முகம் உனக்குத் தெரியாது. அது இரண்டு பேருக்கும் வசதி.

உன் கலியாணத்துக்கு முந்தி ஒரு பின்னேரம், சாப்பாட்டு மேசையில் கையை ஊன்றிக்கொண்டு, "உங்களிட்ட ஈரமில்லை, அம்மா" என்று சொன்னாய். அடுத்த நாள் வந்து மன்னிப்பும் கேட்டாய். நானும் பரவாயில்லை என்றேன். நீ அதை மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை. கோபத்தில் வைத்திருக்கிறேன் என்று நினையாதே. அந்தச் சொல்லோடு எனக்கு உன்னைவிட நெடுநாள் பழக்கம். நீ அதை ஒரு கருத்தில் சொன்னாய், என் காதில் அது பல கருத்தில் விழுந்தது.

நான் பிறந்த தம்பலகாமத்தில் ஈரம் என்றால் முதலில் நிலம்தான். விதைக்கிற காலத்தில் என் அப்பா காலையில் வயலுக்குப் போய், மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்துவிட்டு வந்து "ஈரம் இருக்கு" என்று சொன்னால் வீடே கலகலத்துவிடும். அறுவடை முடிந்து சாக்குக் கட்டுகிற நேரம் வியாபாரி வந்து, நெல்லைப் பல்லில் கடித்துவிட்டு அதே சொல்லைச் சொன்னால் நெல் விலை இறங்கிவிடும், வீடே சோர்ந்துவிடும். கலியாணம் கட்டி இந்தத் துறைமுகப் பக்கம் வந்த பிறகு ஈரம் காற்றில் இருந்தது. மாரியில் உப்பு போத்தலுக்குள்ளேயே தண்ணியாகிவிடும். அலுமாரியில் மடித்து வைத்த சேலை கடலில் இருந்து எடுத்த மாதிரி மணக்கும். பிறகு ஆஸ்பத்திரியில் சிற்றூழியராகச் சேர்ந்தேன். அங்கே ஈரம் என்றால் ஆட்கள் ஒளிக்கிற ஒன்று. காலையில் வார்ட்டுக்குள் போனதும் முதல் வேலை, கட்டில் கட்டிலாகப் போய் விரிப்புக்குக் கீழே கையை விட்டுப் பார்ப்பது. கேட்டால் ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள். நல்ல உத்தியோகத்தில் இருந்த ஒரு பெரிய மனிசன், நான் வருகிற சத்தம் கேட்டதும் பக்கத்து மேசையில் இருந்த கிளாஸ் தண்ணியை எடுத்துத் தன் மடியில் ஊற்றிவிட்டு, தண்ணி கொட்டுப்பட்டுவிட்டது பிள்ளை என்றார். ஓம் ஐயா என்று சொல்லிவிட்டு விரிப்பை மாற்றினேன். அவரை நான் ஒருநாளும் காட்டிக்கொடுக்கவில்லை. ஆனால் அந்த வேலையில் எனக்கு ஒரு குணம் ஒட்டிவிட்டது. எங்கேயாவது ஈரத்தைக் கண்டால், இதற்குப் பின்னால் ஆரோ எதையோ மறைக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும்.

அந்தக் குணத்தில் அதிகம் அகப்பட்டவன் நீ. பள்ளிக்கூடம் விட்டுப் பிந்தி வந்து, சிநேகிதன் வீட்டுக் கிணற்றில் குளித்தேன் என்பாய். நான் உன் தலைமயிரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பேன். கரிக்கும். உட்துறைமுகத்துப் பாறையில் இருந்து கடலுக்குள் பாய்ந்திருக்கிறாய் என்று தெரிந்துவிடும். அடுத்த முறை நீ கடலில் குளித்துவிட்டு, நல்ல தண்ணியில் தலையை மட்டும் அலசிக்கொண்டு வந்தாய். நான் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தேன். உன் அப்பா கதிரையில் இருந்து பேப்பர் படித்தபடி, இவன் வளர்ந்து கள்ளனாக வந்தால் அதற்கு நீதான் வாத்தியார் என்று என்னிடம் சொன்னார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். பின்னால் நடந்ததைப் பார்க்கிறபோது எனக்கு அது விளையாட்டாகத் தெரியவில்லை.

சிவாஜினியின் கலியாணப் பேச்சை உன் பெரியம்மா கொண்டுவந்தா. படிப்பிக்கிற பிள்ளை, தகப்பன் இல்லை, தாயும் மகளும் மட்டும், துறைமுகப் பக்கம் சொந்த வீடு, அந்த வீடு பிள்ளைக்குத்தான் என்றா. எங்கள் பக்க வழக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய் இருக்கிறவன். பெண் எப்படி என்று பார்ப்பதோடு, என் பிள்ளை இனி எந்தக் கூரைக்குக் கீழே படுக்கப்போகிறான் என்றும் ஒரு தாய் பார்க்கவேண்டாமா? அதனால்தான் பெண் பார்க்கப் போன அன்று, தேத்தண்ணி குடித்த கையோடு, வீட்டை ஒருக்கால் பார்ப்போமே என்று நான் எழும்பினேன். அப்போது நீ என்னைப் பார்த்த பார்வையை வெட்கம் என்று நினைத்தேன். பயம் என்று பிறகுதான் விளங்கியது.

மார்கழி மாதம், மழை விட்டு விட்டுப் பெய்தது. சிவாஜினியின் தாய் ஈரப்பலாக்காய் பொரித்து வைத்திருந்தா. நன்றாகத்தான் இருந்தது, நான் இரண்டாம் முறையும் எடுத்துச் சாப்பிட்டேன். ஆனால் அந்த மனிசி காய்ந்த கையைத் திரும்பத் திரும்பச் சேலையில் துடைத்துக்கொண்டிருந்தா. விறாந்தை, இரண்டு அறை, குசினி எல்லாம் காட்டினா. குசினிக்குப் பக்கத்தில் ஓர் அறை பூட்டியிருந்தது. அது சாமான் அறை, மாமி என்றாள் சிவாஜினி. நான் அந்தக் கதவு நிலையில் கையை ஊன்றினேன். எடுத்தபோது உள்ளங்கை முழுக்க இளநீலம். பெயின்ற் இன்னும் ஈரம் என்று சொல்லி அவள் துணி எடுக்க ஓடினாள். முன் விறாந்தைச் சுவர் பூஞ்சணம் பிடித்துக் கிடந்தது. மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றால் ஆட்கள் முன்பக்கத்தை அல்லவா பூசுவார்கள். அதை விட்டுவிட்டுச் சாமான் அறைக்கு, அதுவும் ஒன்றுமே காயாத மாரியில், ஆர் பெயின்ற் அடிப்பார்கள்?

கையைக் கழுவக் கிணற்றடிக்குப் போனேன். மழை விட்டிருந்த இடைவெளியில் பின்மதிலில் ஒரு மெத்தையைக் காயப்போட்டிருந்தார்கள். அதன் நடுவில் மட்டும் வட்டமாக ஈரம். மழைக்கு நனைந்த மெத்தை அப்படி நனையாது. பக்கத்தில் போய்ப் பார்க்கவேண்டிய தேவை எனக்கு இருக்கவில்லை. காற்று அந்த மணத்தைக் கொண்டுவந்தது, அந்த மணத்துக்குள்தான் என் பாதி ஆயுள் போயிருக்கிறது.

வீட்டுக்கு வந்து, நீ வெளியே போன பிறகு, உன் அப்பாவிடம் சொன்னேன். பெயின்ற் அடித்தால் ஈரமாகத்தான் இருக்கும் என்றார். மெத்தையைப் பற்றிச் சொன்னேன். "அவையின்ர வீட்டில சாப்பிட்ட கை ஈரம் இன்னும் காயேல்ல, அதுக்குள்ள குற்றம் பிடிக்கத் தொடங்கீட்டாய்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தார். எனக்கு மனம் ஓயவில்லை. இரண்டு பெண்கள் மட்டும் இருக்கிற வீட்டில் மெத்தையை நனைப்பது ஆர்? வயது போனவர்கள் இருந்தால் மறைக்கத் தேவையில்லை, எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். அப்படியானால் சின்னப் பிள்ளை. பெண் பார்க்க வருகிற அன்றைக்கு ஒளித்து வைக்கிற பிள்ளை என்றால் அது ஆருடைய பிள்ளை? இதை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன், சிவாஜினியும் வாசிக்கட்டும். அது அவளுடைய பிள்ளை என்று நான் அன்று முடிவே கட்டிவிட்டேன். நான் என் குடையை அவர்கள் விறாந்தையில் மறந்து விட்டுவிட்டு வரவில்லை, வேண்டுமென்றே வைத்துவிட்டு வந்தேன். ஒரு நாள் கழிய விட்டு, ஆட்கள் எதிர்பார்க்காத காலை நேரமாகப் பார்த்து, குடையை எடுக்கப் போனேன்.

கேற் திறந்து கிடந்தது. நான் குரல் கொடுக்காமல் பக்கத்தால் நடந்து குசினிக் கதவடிக்குப் போனேன். உள்ளே கைப்பிடிக் கதிரையில் ஓர் ஆம்பிளை இருந்தான். முப்பது வயது தாண்டியிருக்கும். விழாமல் இருக்க அவன் இடுப்பைத் துவாயால் கதிரையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. சிவாஜினி பள்ளிக்கூடம் போகச் சேலை உடுத்திக்கொண்டு, நின்றபடியே புட்டைக் குழைத்து அவனுக்குத் தீத்திக்கொண்டிருந்தாள். அவன் என்னைக் கண்டு சிரித்தான். வாயில் இருந்த புட்டு நெஞ்சில் விழுந்தது. அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

தாய் கிணற்றடியில் இருந்து ஓடிவந்தா. அழுவா, கையைப் பிடித்துக் கெஞ்சுவா என்று நினைத்தேன். அவ அப்படி ஒன்றும் செய்யவில்லை. இவன் தன்னுடைய மூத்த மகன் ரூபன் என்றும், சின்ன வயதில் வந்த மூளைக்காய்ச்சலுக்குப் பிறகு இப்படித்தான் என்றும், நாங்கள் வந்த அன்று அவனைக் குச்சவெளியில் இருக்கிற மச்சாள் வீட்டில் விட்டிருந்ததாகவும் ஒரே மூச்சில் சொல்லி முடித்தா. கையில் கரித்துண்டு அகப்பட்டால் அவன் தவழ்ந்து போய்ச் சுவர், கதவு நிலை எல்லாம் கீறிவிடுவானாம். பெயின்ற் அடித்தது அதை மறைக்கத்தான்.

"எப்ப சொல்லுறதா இருந்தனீங்கள்?" என்று கேட்டேன். "கலியாண மாலையில ஈரம் காய்ஞ்ச பிறகோ?"

சிவாஜினிதான் பதில் சொன்னாள். கையில் புட்டு அப்படியே இருந்தது.

"உங்கட மகனுக்கு எல்லாம் தெரியும், மாமி."

நான் நம்பவில்லை. பிடிபட்டவர்கள் இன்னொருவரையும் சேர்த்து இழுப்பதை நான் எத்தனை முறை பார்த்திருக்கிறேன். குடையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று பின்னேரம் நீ சீனன்குடாவில் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, அதற்குள் கேட்டேன். நீ மறுப்பாய் என்று இருந்தேன். நீ மறுக்கவில்லை. ஓம், தெரியும் என்றாய். அவளை உனக்கு எப்போதோ தெரியும், அந்த வீட்டுக்கு நீ எத்தனையோ முறை போயிருக்கிறாய், பெரியம்மாவிடம் பேச்சைக் கொண்டுவரச் சொன்னதே நீ என்று ஒவ்வொன்றாக வந்தது. கடைசியாகத்தான் அதைச் சொன்னாய்.

"அந்த அறைக்குப் பெயின்ற் நான்தான் அடிச்சனான். சுவரில அவன் கீறினதைக் கண்டா நீங்கள் விறாந்தையோட திரும்பியிருப்பியள்."

உண்மைதான், திரும்பியிருப்பேன். ஆனால் அந்த நேரம் எனக்கு ரூபன் மறந்துபோனான், சிவாஜினியும் அவள் தாயும் மறந்துபோனார்கள். நான் அந்த வீட்டின் மெத்தையையும் பூட்டையும் மோப்பம் பிடித்துக்கொண்டு திரிய, ஒளிப்பு முழுவதும் என் வீட்டுக்குள், என் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவனை உன் தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்றேன். தாய்க்காரிக்குப் பிறகு அவனைத் தூக்கிக் குளிப்பாட்டி மலசலம் எடுக்கப்போவது ஆர் என்று கேட்டேன். நான் எடுப்பேன் என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்து நான் சிரித்தேன். அதற்குத்தான் நீ அந்தச் சொல்லைச் சொன்னாய்.

ஏன் சிரித்தேன் என்று அன்று நீ கேட்கவில்லை. இப்போது சொல்கிறேன். உனக்குச் சித்தப்பாவை நினைவிருக்கும். வயலுக்குள் வந்த யானைக்குப் பயந்து ஓடி, வரம்பில் விழுந்து இடுப்பு முறிந்து, எங்கள் வீட்டின் முன் அறையில் மாதக்கணக்காகக் கிடந்தார். உனக்கு அப்போது மீசை அரும்புகிற வயது. முதல் கிழமை நீ அவரைவிட்டு அசையவில்லை. விசிறினாய், ரேடியோ போட்டாய், தாடி வழித்துவிட்டாய். பிறகு அந்த அறையில் மணம் வரத் தொடங்கியது. உனக்கு ரியூஷன் வந்தது, கிரிக்கெட் வந்தது. முன் அறையைக் கடக்காமல் இருக்க முற்றத்தால் சுற்றி வரத் தொடங்கினாய். தம்பி வந்திட்டானோ என்று அவர் என்னைக் கேட்பார். இன்னும் இல்லை என்று நான் பொய் சொல்லுவேன், நீ குசினியில் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய். அவர் செத்த அன்று எல்லாரையும்விடப் பெரிதாக அழுதவன் நீதான். பெடியனுக்கு எவ்வளவு ஈரமான மனசு என்று சொந்தக்காரர் கதைத்தார்கள். அந்தக் கதை கேட்கிறபோது நான் கிணற்றடியில் அவருடைய கடைசி விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தேன். அன்றுதான் அந்தச் சொல்லில் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஆகவே உன் கலியாணத்தில் நான் சந்தேகப்பட்டது அந்த வீட்டை அல்ல. அவர்கள் ஒளித்தது பயத்தில், அது எனக்கு விளங்கும். நான் சந்தேகப்பட்டது உன்னை. இரண்டு மூன்று வருசம் கழித்து நீ முற்றத்தால் சுற்றி வரத் தொடங்குவாய், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடமும் தமையனும் என்று தனியக் கிடந்து மாயப்போகிறாள் என்று பயந்தேன். பெற்ற தாய் தன் பிள்ளையை இப்படி நினைப்பாளா என்றால், நினைப்பாள். அவனைத் தெரிந்தவள் அவள்தானே.

ஒரு கிழமை கழித்து நான் உனக்குச் சொல்லாமல் திரும்பவும் அங்கே போனேன். ரூபனை ஒருச்சரித்துப் படுக்க வைத்து முதுகைப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே தோல் சிவந்து, தொட்டால் பிசுபிசுத்தது. துடைத்துக் காயவிடாமல் ஈரத்துக்கு மேலேயே பவுடர் போட்டிருக்கிறார்கள். அதைத் தாய்க்குக் காட்டினேன். அவ கோபிக்கவில்லை, பக்கத்தில் இருந்து பார்த்தா. வெளிக்கிடும்போது ஒன்று சொன்னேன். கலியாணம் நடக்கலாம், ஆனால் அன்றைக்கு இவன் மண்டபத்தில் முன் வரிசையில் இருக்கவேண்டும் என்றேன். சனம் கதைக்கும் என்று அவ தயங்கினா. இப்போது கதைத்தால் ஒரு நாளில் முடியும், ஒளித்துவைத்துப் பிறகு கதைத்தால் எங்களைப் பேய்க்காட்டி ஏமாற்றிக் கட்டிவைத்ததாக ஊர் காலம் முழுக்கக் கதைக்கும் என்றேன். இதை நீ பெருந்தன்மை என்று எடுத்துக்கொள்ளாதே. என் மகன் நாளைக்கு எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்ப இடம் வைக்கக்கூடாது என்றுதான் செய்தேன். எல்லாருக்கும் முன்னால் நீ அவனைத் தூக்கிக்கொண்டுவந்து கதிரையில் இருத்தவேண்டும், அதை ஊர் பார்க்கவேண்டும் என்று நினைத்தேன். நீ அப்படியே செய்தாய். மேளச் சத்தத்துக்கு அவன் கத்திச் சிரித்தான். ஆட்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாட்டுப் பந்தி வைக்கிற நேரம் அவர்களுக்குப் பார்த்து அலுத்துவிட்டது.

அதற்குப் பிறகு நான் உங்கள் வீட்டுக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வருவது உனக்குப் பிடிக்கவில்லை என்று தெரியும். சிவாஜினி ஒன்றும் சொல்வதில்லை, கதிரையைத் துடைத்துப் போடுகிறாள். நான் எதைப் பார்க்க வருகிறேன் என்று அவளுக்கு விளங்கியிருக்கும் என்று நினைக்கிறேன்.

போன கிழமை ஒரு காலையும் வந்தேன். நீ அறியவில்லை. மழை பெய்தபடியால் கேற் சத்தம் உனக்குக் கேட்டிருக்காது. சிவாஜினி பள்ளிக்கூடம் போயிருந்தாள், உன் மாமி காய்ச்சலில் முன் அறையில் போர்த்துக்கொண்டு கிடந்தா. ரூபனின் அறை யன்னல் பாதி திறந்திருந்தது. நீ வேலைக்கு வெளிக்கிட்ட உடுப்போடு உள்ளே நின்றாய். விரிப்பை அப்போதுதான் மாற்றியிருக்கிறாய் போல. பழையது நிலத்தில் கிடந்தது, அவன் புதியதையும் நனைத்துவிட்டான். "இப்பதானேடா மாத்தினனான்" என்றாய். பிறகு ஒரு தூஷணம் சொன்னாய். சின்ன வயதில் சொல்லியிருந்தால் வாயில் அடித்திருப்பேன். கட்டில் விளிம்பில் இருந்து தலையைப் பிடித்துக்கொண்டாய். தெருவில் உன் வேலைத்தலத்து வான் வந்து ஹோண் அடித்தது. திரும்பவும் அடித்தது. நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இப்போது எழும்பிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவான் என்று நினைத்தேன், தம்பி. சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

நீ போனை எடுத்து, வான் போகட்டும், நான் பஸ்ஸில் வருகிறேன் என்று சொன்னாய். பிறகு புறுபுறுத்துக்கொண்டே சேட்டின் கையை மடித்துவிட்டு, அவனைப் புரட்டி, ஈரத்தை இழுத்தெடுத்துத் துடைத்தாய். உன் முகத்தில் இரக்கம் ஒன்றும் இருக்கவில்லை. அலுப்புத்தான் இருந்தது. அவன் உன் சேட்டைப் பிடித்துக்கொண்டு விடாமல் சிரித்தான். நீ சிரிக்கவில்லை, அவன் விரல்களைக் கழற்றிவிட்டு முதுகு காயும்வரை பேப்பரால் விசிறிக்கொண்டு நின்றாய். நான் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

நீ அன்று கண் கலங்கியிருந்தால் நான் பயந்திருப்பேன். நீ புறுபுறுத்தாய், அது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த வேலையில் நெடுநாள் நின்றவர்களை எனக்குத் தெரியும். எல்லாரும் புறுபுறுக்கிறவர்கள்தான். ஆகவே கோபம் வந்தால் வரட்டும், அதைச் சிவாஜினியிடம் ஒளிக்காதே. ஏலாத அன்றைக்கு ஏலாது என்று சொல், அவளும் சொல்லட்டும். நல்லவனாகத் தெரியவேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு செய்கிறவன்தான் ஒருநாள் சொல்லாமல் விட்டுவிட்டுப் போகிறான். நான் உன்னை முழுக்க நம்பிவிட்டேன் என்று எழுத மனம் வருகுதில்லை. பாதி நம்புகிறேன். நான் ஒருவரைப் பாதி நம்புவது பெரிய காரியம் என்று உன் அப்பா பக்கத்தில் இருந்து சொல்கிறார்.

இந்த ஞாயிற்றுக்கிழமை நான் வந்து ரூபனோடு இருக்கிறேன். நீயும் சிவாஜினியும் எங்கேயாவது வெளியே போய், பொழுதுபட ஆறுதலாக வாருங்கள். மாமியும் ஒரு நாள் படுக்கட்டும். எத்தனை மணிக்கு வருவேன் என்று மட்டும் கேட்காதே, அதைச் சொல்லமாட்டேன்.

அம்மா